பதினோரு விநாடி

நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அங்கே உட்கார்ந்தால் அவர் வீடுதான் கண்ணில் படும். முப்பத்தொரு வருஷம் எனக்குப் பட்டது போதும்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று போனில் சொன்னார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு மெய்யநாதன் சார் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவரிடம் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் கூடி, போட்டி வைக்கிறார்கள், மலர் போடுகிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரர், நெருங்கிய நண்பர் திரு. பொன்னுரங்கம் அவர்கள்" என்று என் பக்கத்துக்குக் கீழே போடப் போகிறீர்களாம். நெருங்கிய என்பது சரிதான். நடுவில் ஒரு சுவர்தானே.

நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று. "மெய்யநாதன் சார் ஒரு நல்ல மனிதர்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பொய்யாக இருந்தால் சுலபமாக எழுதியிருப்பேன். உண்மையாக இருக்கிறதே, அதுதான் சங்கடம். நீங்கள் அச்சகத்திலிருந்து வந்திருப்பவர், இந்த ஊர்க்காரரும் இல்லை. நான் வாயால் சொல்லிவிடுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையில் இருப்பது மற்றவர்கள் எழுதியதா? என் மகள் தேன்மொழி எழுதியிருக்கிறாளா? எத்தனை பக்கம்?

நாலா!

வேண்டாம், எடுக்காதீர்கள். எனக்குப் பார்க்க வேண்டாம். ஹூப்ளியிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவாள். "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? கால் வலி எப்டி இருக்கு?" இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. அதற்கு மேல் போனால் மூன்று நிமிஷம். பெற்ற அப்பனுக்கு மூன்று நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு பக்கம்.

நான் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவது, நேரம் ஆனால் விசில் ஊதுவது. இருபத்தொன்பது வருஷம். முசிறி வண்டி, பெரம்பலூர் வண்டி, எது ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவான். நீங்கள் என் கேட்டைத் திறந்தபோது மணி பத்து ஏழு. லேசாக முனகியது, கவனித்தீர்களா? மாதம் முதல் தேதி எண்ணெய் போடுவேன். நாளைக்குப் போட வேண்டும். அதோ, கிண்ணத்தில் எடுத்துக்கூட வைத்துவிட்டேன்.

அவர் கேட்டுக்கு அவர் எண்ணெயே போட மாட்டார். காலை ஐந்து நாற்பதுக்குக் கிறீச் என்று ஒரு சத்தம், மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். மாலை ஆறே முக்காலுக்கு இன்னொரு கிறீச், வந்துவிட்டார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன சார், ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?"

"விட்டா, நான் வந்தது திலகத்துக்கு எப்டித் தெரியும் டைம் சார்? அந்தச் சத்தம் கேட்டாத்தான் தோசைக்கல்ல அடுப்புல போடுவா" என்றார்.

திலகம் என்பது அவர் மனைவி. பெண்டாட்டி காதில் விழ வேண்டும் என்பதற்காகத் தெருவே விழிக்க வேண்டும். அப்படி ஒரு மனிதர்.

குடும்பத்தைக் கண்ணாக வைத்திருந்தார் என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். எழுதட்டும். அவர்கள் மைதானத்தில் பார்த்தவர்கள். நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்தவன். திலகத்துக்கு ஆப்பரேஷன் ஆன வருஷம், மூன்று மாதம் அந்த அம்மாவின் புடவைகளை அவர்தான் துவைத்தார். துவைத்தால் போதாதா? கொடியில் போட்டு, இரண்டு முனையையும் இழுத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி விடுவார். பி.டி. வாத்தியார். அந்தக் கையால்தான் ஊர்ப் பிள்ளைகளை மைதானம் முழுக்க விரட்டுகிறவர். எங்கள் மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த கனகவல்லி, என் மனைவி, அச்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"எதை?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்ல இருக்கிறதே தம்பி, அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மாமியாருக்குக் கால் நகம் வெட்டி விடுவார். வாசற்படியில் உட்கார்த்தி வைத்து, தெருவே பார்க்க. வீட்டுக்குள் வைத்து வெட்டினால் ஆகாதா? கேட்டேன். "உள்ள வெளிச்சம் பத்தல டைம் சார். சதையோட வெட்டிப்புட்டா அது யாரு, என் பொண்டாட்டிக்கு அம்மா இல்லையா?" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். சிரித்துக்கொண்டே சொல்வார்.

வெள்ளிக்கிழமை ஆனால் மல்லிகை. நாலு முழம் வாங்குவார். அதில் இரண்டு முழம் திலகத்தின் கையால் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். என் மனைவி தலையில் அவர் வாங்கிய பூ! நானும் ஒரு வெள்ளிக்கிழமை வாங்கினேன். காலையில் வாங்கி, டியூட்டி முடிகிற வரை டைம் ஆபீஸ் மேசையில் கிடந்து, வீட்டுக்கு வருவதற்குள் வதங்கிவிட்டது. "பரவால்ல, சாமி படத்துக்குப் போட்டுடறேன்" என்றாள் கனகவல்லி. என் பூ சாமிக்கு, அவர் பூ தலைக்கு. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தேன்மொழி ஏழாவது படிக்கும்போது கனகவல்லி போய்விட்டாள். மஞ்சள் காமாலை. ஒன்பதே நாள்.

எனக்கு ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மதியம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை பூட்டிய வீட்டுக்கு வரக் கூடாது என்று மெய்யநாதன் சார் அவளை மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். என்னைக் கேட்டுத்தான் அழைத்துப் போனார். நானும் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? திலகம் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு விட்டாள். எனக்கு ஒற்றைப் பின்னலே கோணலாக வரும்.

அவர் சொல்லிக்கொடுத்தது கோ-கோ. பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் பின்னால் வந்து முதுகில் தட்டி "கோ" என்று சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழுந்து துரத்தலாம். எதிரணியில் மூன்று மூன்று பேராக உள்ளே வந்து, பிடிபடாமல் நேரம் முடிகிற வரைக்கும் ஓட வேண்டும். தேன்மொழி ஓடுவாள். எப்படி ஓடுவாள் தெரியுமா? வரிசைக்குள் ஊசி மாதிரி நுழைந்து நுழைந்து வருவாள். துரத்துகிற பெண்ணுக்குத் தலை சுற்றிவிடும்.

வீட்டில் என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் "சார் சொன்னாரு" என்றுதான் தொடங்கும்.

"சார் சொன்னாரு, தண்ணிய உக்காந்துதான் குடிக்கணுமாம்."

அதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

"சார் சொன்னாரு, நகத்தைக் கடிக்கக் கூடாதாம்."

அதையும்தான். நான் சொன்னபோது காதில் ஏறாதது அவர் சொன்னவுடன் ஏறிவிடும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, கொஞ்சம் ரசம்" என்று கேட்பதற்குப் பதில் "சார், கொஞ்சம் ரசம்" என்று கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்திவிட்டது.

பிறகு ஒரு நாள் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"டைம் சார், பிள்ளைங்க போட்டிக்கு நேரம் பாக்க ஆள் வேணும். உங்களை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

போனேன். அவருக்காக இல்லை. நான் நேரம் பார்க்க உட்கார்ந்தால் மகள் என்னைப் பார்ப்பாள் என்று போனேன். ஸ்டாப் வாட்சும் விசிலும் கொடுத்து, எல்லைக்கோட்டு ஓரத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு முறைக்கு ஒன்பது நிமிஷம். ஒன்பது முடிந்தவுடன் நான் விசில் ஊத வேண்டும். பஸ் ஸ்டாண்டில் செய்ததுதான், இங்கே வண்டிக்குப் பதில் பிள்ளைகள்.

ஒரே ஒரு தடவைதான் என் விசில் பிந்தியது. அந்த வருஷம் மண்டல இறுதிப் போட்டியை எங்கள் ஊர் மைதானத்தில் வைத்தார்கள். தேன்மொழி பதினொன்றாவது. வர வேண்டிய டைம் கீப்பர் வரவில்லை. எதிரணி டீச்சரே "பஸ் ஸ்டாண்ட் சார்னா எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். என்னை உட்கார வைத்தார்கள். விசிலில் எச்சில் அடைத்துக்கொண்டது. ஊதினால் காற்றுதான் வந்தது. அதற்குள் தேன்மொழி பிடிபட்டுவிட்டாள். யாருக்கும் நேருகிறதுதான். அதை விடுங்கள்.

உங்களுக்குப் போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

மெய்யநாதன் சார் போன செய்தி தெரிந்து தேன்மொழி இரவு வண்டி பிடித்து வந்தாள். ரயில்வேயில் வேலை, விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்தது. அதுவும் அவரால் கிடைத்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. காலை ஒன்பது இருபதுக்கு ஆட்டோ வந்து நின்றது. நான் டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். என்னைப் பார்த்தாள். "அப்பா, பையைப் பிடிங்க" என்று பையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். கிறீச்.

அவள் அழுத சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அவள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அப்போது சின்னப் பிள்ளை, அதுவும் இருக்கிறது. இருந்தாலும் கேட்டது.

காப்பியை மூன்று தடவை சூடு பண்ணினேன். பன்னிரண்டரைக்கு வந்தாள். மூன்று மணி பத்து நிமிஷம். கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "அப்பா, பசிக்குது" என்றாள்.

"அங்கயே சாப்டுருக்கலாமே" என்றேன்.

"சாவு வீட்ல யாருப்பா அடுப்பு மூட்டுவாங்க? முதல்ல வீட்டுக்குள்ள வந்தா, அங்க போயிட்டு வந்து திரும்பவும் தலைமுழுகணும். அதான் நேரா அங்க போயிட்டு, முழுகிட்டு, ஒரேயடியா உங்ககிட்ட வந்தேன்."

சாக்கு. அப்படித்தான் எனக்குப் பட்டது. நான் நாலு இட்லி வைத்தேன். ஆறு சாப்பிட்டாள். சாப்பிடும்போது என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த மூன்று மணி பத்து நிமிஷம் மட்டும் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது தம்பி. நிறுத்த முடியவில்லை.

என்ன எழுதுகிறீர்கள்? விசில் விஷயத்தையா?

எச்சில் அடைக்கவில்லை.

ஆமாம். முன்னால் சொன்னது பொய். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. உங்கள் வயதுக்கு நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள். குறுக்கே பேசாமல் கேட்கிறவர்களிடம் எதையாவது உளறிவிடுகிறோம்.

கடைசி முறை அது. எங்கள் பிள்ளைகள் ஓட வேண்டிய முறை. ஒரு புள்ளி நாங்கள் அதிகம். கடைசி மூன்று பேரில் இரண்டு பேர் பிடிபட்டுவிட்டார்கள். தேன்மொழி தனியாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறாள். நேரம் முடிகிற வரை பிடிபடாமல் இருந்துவிட்டால் ஜெயிப்பு, மாநிலப் போட்டிக்குப் போகலாம். பிடிபட்டால் சமம், இன்னொரு சுற்று ஆட வேண்டும். இன்னொரு சுற்றுக்கு எங்கள் பிள்ளைகள் காலில் உயிர் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

எட்டு நிமிஷம் ஐம்பது ஆயிற்று. இன்னும் பத்து விநாடி. ஓடிக்கொண்டே தேன்மொழி தலையைத் திருப்பினாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டும் அவளுக்கு. நேரம் என் கையில் இருக்கிறது தம்பி. என் உள்ளங்கையில் இருக்கிறது. நான் அவளுக்கு எட்டடியில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கோடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கி விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து. நாலு. மூன்று. அவர் கையில் கடிகாரம்கூட இல்லை. மனதுக்குள் எண்ணுகிறார். என் மகள் அந்த விரலை நம்பி ஓடுகிறாள்.

இரண்டு. ஒன்று. கை மூடியது.

என் வாட்சில் சரியாக ஒன்பது நிமிஷம். விசில் என் உதட்டில் இருக்கிறது. நான் ஊதவில்லை.

எல்லாம் முடிந்தது என்று தேன்மொழி வேகத்தைக் குறைத்தாள். விசில் வரவில்லையே என்று திகைத்து மறுபடி ஓடினாள். திரும்பினாள், நுழைந்தாள், கால் இடறியது. துரத்தி வந்த பெண் முதுகைத் தொட்டுவிட்டாள். அப்புறம்தான் ஊதினேன். ஒன்பது நிமிஷம் பதினோரு விநாடி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைதான். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவந்து நடுவரிடம் முறையிட்டிருக்கலாம், வாட்சைப் பிடுங்கிக் காட்டியிருக்கலாம். அப்போது என் கதி என்ன? ஒன்றும் செய்யவில்லை. மறுசுற்று ஆடினார்கள், தோற்றார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "நான்தான் விரல் கணக்கைத் தப்பாக் காட்டிட்டேன். நேரம் முடிஞ்சிடுச்சுன்னு தேனு என்னை நம்பி வேகத்தைக் குறைச்சிடுச்சு. தப்பு என்னோடது" என்றார். என் மேசைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னார். பிள்ளைகள் அவரை என்ன பேச்சுப் பேசினார்கள்! "இத்தனை வருஷம் எண்ணுனீங்களே சார், இன்னைக்குத்தான் தப்பணுமா?" என்று ஒருத்தி அழுதாள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், பிந்தி வந்த வண்டியின் டிரைவர் மாதிரி.

அதற்குப் பிறகு தேன்மொழி பதினாறு நாள் மைதானத்துக்குப் போகவில்லை. அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீடு. நான் ஆள் மாற்றி, காலை டியூட்டி வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் முறத்தில் வேர்க்கடலையைக் கொட்டி இரண்டு பேரும் உரிப்போம். ரேடியோ பாடும். அவர் கேட் ஆறே முக்காலுக்குக் கிறீச்சிடும், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். என் வாழ்க்கையிலேயே அந்தப் பதினாறு நாள்தான் தம்பி! அவள் அதிகம் பேசவில்லை. அவ்வப்போது உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

"என்னம்மா?" என்பேன்.

"ஒண்ணுமில்லப்பா."

எனக்கு எதுவும் உறுத்தவில்லை. மகள் பக்கத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு அவர் கேட் கிறீச்சிட்டது. இரண்டு பேர் நடந்து போகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் பாயில் தேன்மொழி இல்லை. என் கேட்டைத் திறந்துகொண்டுதான் போயிருக்கிறாள். எண்ணெய் போட்டு வைத்திருந்தேனா, எனக்குத் தெரியவே இல்லை. ஏன் திரும்பப் போனாள், இவர் என்ன மந்திரம் போட்டார், இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ஜெயித்தார்கள், மாநிலப் போட்டிக்குப் போனார்கள், எல்லாம் நடந்தது.

அவருக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஸ்டாப் வாட்சைக் கொண்டுவந்து நீட்டினார். "டைம் சார், சனிக்கிழமை மேட்ச். வந்துடுங்க." ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். ஒவ்வொரு போட்டிக்கும் கூப்பிட்டு என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பதினான்கு வருஷம் போனேன். ஒரு விநாடி பிந்தியதில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோதும், "டைம் சார், மணி என்ன?" என்றார். "நாலு இருபத்து மூணு" என்றேன். எதிர்ச் சுவரில் பெரிதாகக் கடிகாரம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமலே "நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார். போகிற நேரத்திலும் எனக்கு ஒரு சர்டிபிகேட்.

அவனுக்கு எல்லாம் கிடைத்தது தம்பி. பெண்டாட்டி, மாமியார், ஊர், ஊர்ப் பிள்ளைகள். எனக்கு இருந்தது ஒன்று. அந்த ஒன்றும் ஓடும்போது அவன் விரலைப் பார்த்தது. அன்று நான் ஏன் ஊதவில்லை என்று இப்போது தெரிகிறதா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என்ன தாள் இது? நான்தான் வேண்டாம் என்றேனே. தேன்மொழி எழுதியதா? மூன்றாம் பக்கமா? இருங்கள், கண்ணாடி எங்கே... ம்.

"அன்று விசில் பதினோரு விநாடி பிந்தி வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். ஓடும்போதே மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்க சார் எங்களைப் பழக்கியிருந்தார். விரலைப் பார்த்தது என் கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ளத்தான். தப்பு தன்னுடையது என்று சார் சொன்னபோது அவர் பொய் சொல்கிறார் என்று கோபம் வந்தது. அப்பாவே சொல்லட்டும் என்று பதினாறு நாள் வீட்டில் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பதினேழாம் நாள் காலை சார் வாசலில் போய் நின்று கேட்டேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சார் சொன்னார்: 'உங்கப்பா விசிலை வாயில வச்சுக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா. நீ ஓடுன ஓட்டத்துல ஊத மறந்துட்டாரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு வண்டிக்கும் மறக்காத மனுஷன். போய்க் கேட்டுடாத, கூச்சப்படுவாரு.' அம்மா போன பிறகு அப்பா என்னைப் பார்க்கிறாரா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. எந்தக் கோப்பையைவிடவும் அந்தப் பதினோரு விநாடிதான் எனக்குப் பெரியது. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் சார்."

...

தண்ணீர் அந்தச் செம்பில் இருக்கிறது. எனக்கு வேண்டாம், நீங்கள் குடியுங்கள்.

பார்த்தீர்களா தம்பி. இதையும் அவனேதான் செய்திருக்கிறான். நான் என் மகளைப் பார்த்தேன் என்று என் மகளிடம் சொல்ல, அதற்கும் அவன்தான் வேண்டியிருந்திருக்கிறது.

அவனுக்குத் தெரியும், நான் மறக்கவில்லை என்று. என் முகத்தைப் பார்த்தவன் அவன். ஆனால் ஒன்று. அந்தப் பதினோரு விநாடியும் நான் வாட்சைப் பார்க்கவில்லை. எதிரணியைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திகைத்து நின்றாளே, பிறகு திரும்பி நுழைந்தாளே, ஒவ்வொன்றும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அது பொய் இல்லையே? அவன் சொன்னதில் பாதியாவது பொய் இல்லைதானே?

உங்கள் நோட்டை இப்படிக் கொடுங்கள். நான் ஏன் ஊதவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை நான் கிழித்துக்கொள்கிறேன். நாலு தாளோடு இது ஐந்து. நீங்களும் அதை மறந்துவிடுங்கள். அவளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, இருபத்தாறு வருஷமாக வைத்திருக்கிறாள். அதைப் பிடுங்க நான் யார்?

என் பக்கத்துக்கு இதை எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொல்கிறேன்.

"மெய்யநாதன் சார் ஒரு நல்ல மனிதர். அவருடைய விரல் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. அன்றும் தப்பவில்லை. இப்படிக்கு, பொன்னுரங்கம், டைம் கீப்பர்."

போதும். மீதிப் பக்கம் காலியாக இருந்தால் இருக்கட்டும். வேண்டுமானால் அவர் படத்தைப் போட்டு நிரப்புங்கள். நெருங்கிய நண்பர் என்பதை எடுக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

மணி பதினொன்று ஐந்து. ஐம்பத்தெட்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேன்மொழி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறாள். அந்தக் கேட்டா இந்தக் கேட்டா, எது முதலில் என்று தெரியாது. அதோ அந்த எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து இப்படிக் கொடுங்கள், உள்ளே வைத்துவிடுகிறேன். நாளைக்குப் போடப் போவதில்லை.

போகும்போது கேட்டைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்கள் தம்பி.

ம். கேட்டது. முனகல்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் ஏறிவிடும்.